மாம்பழப் பெட்டியும் மாப்பிள்ளை மீசையும்

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஆடி பொறக்கறதுக்குள்ள சந்தாபுரத்துக்கு வீடு மாறிடலாம். நீயும் நானும் மட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்.

நாங்கள் இருப்பது ஓசூரில், என் அப்பாவின் வீட்டில். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா தவறிப்போன பிறகு அந்த வீட்டில் அப்பா, நான், இவர் என்று மூன்றே பேர். நாங்கள் இருவரும் கிளம்பிவிட்டால் அப்பா ஒற்றை ஆள். சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதர். "அப்போ அப்பா?" என்று கேட்டேன். "அவருக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகலையே. நான் போனா நிம்மதியா இருப்பார்" என்றார்.

சண்டை போட எனக்கு வாய் உண்டு. அன்றைக்கு வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

இவர் ஆனேக்கல் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம். வேலை எல்லை தாண்டி, சந்தாபுரத்துக்குப் பக்கத்து பொம்மசந்திராவில். எனக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலை. இரண்டு பேருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று கல்யாணமான கையோடு அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டோம். "வீட்டோட மாப்பிள்ளை" என்று தெருவில் கிண்டல் செய்தபோது, இவரைத் தாங்கிப்பிடித்தவர் அப்பாதான். பிரஸ் ஷாப்பில் தகரத்தை அழுத்தி வெட்டும் மிஷின்களுக்கு நடுவே காலம் தள்ளியவர். ஷிஃப்டில் பாதிப்பேர் கன்னடம், பாதிப்பேர் தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் படிக்காத இரண்டு மொழிகளையும் அங்கே பேசிப் பேசியே பிடித்துக்கொண்டார். இவர் பெண் பார்க்க வந்த அன்றைக்கே இவரோடு கன்னடத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்ததைவிட என் அப்பாவோடு பேசியதுதான் அதிகம். இவர் அப்பாவை "மாவா" என்று கூப்பிடுவார், கன்னடத்தில் மாமனார். அந்த 'மாவா'வில் ஒரு செல்லம் இருக்கும்.

அப்படிப்பட்ட அப்பா, அம்மா போன பிறகு கன்னடத்தையே விட்டுவிட்டார். இவர் எதைக் கேட்டாலும் தமிழில் ஒரு வார்த்தை. அதுவும் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத வார்த்தை. "ஆமா ஆமா", "பாக்கலாம் பாக்கலாம்", இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் அப்பாவின் பழைய சிநேகிதர், தினமும் வந்து பேப்பர் படிப்பவர். "ஏம் பாவா, பாகுன்னாவா?" என்று வாசலில் நின்று நலம் விசாரித்தால், "மழ வரும்போலத்தான் இருக்குது" என்பார் அப்பா. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். அந்த மனிதரும் வருவதை நிறுத்திவிட்டார். "உங்கப்பாவுக்கு வயசான காலத்துல தமிழ்ப் பற்று வந்துடுச்சு போல" என்று என்னிடம் ஒருநாள் குத்தலாகச் சொன்னார். ஓசூரில் இதைவிடப் பெரிய திட்டு கிடையாது. இங்கே மூன்று மொழியும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஒருவன் தெரிந்துகொண்டே மற்றவன் மொழியில் பதில் சொல்ல மறுத்தால், அது முகத்தில் அடித்த மாதிரி.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா போன துக்கம், அது திமிராகத் திரும்பியிருக்கிறது என்று.

துக்கத்துக்கு மருந்து பாட்டு என்று தோன்றியது. அப்பா ஒரு காலத்தில் ரேடியோ இல்லாமல் முகச்சவரம்கூடச் செய்யமாட்டார். போனில் பாட்டு போட்டுக் கொடுத்தால் தொடமாட்டேன் என்றார். "கதிர்வீச்சு" என்று ஒரு காரணம் வைத்திருந்தார். போனில் பேசவும் மாட்டார். சரி, போன் வேண்டாம், பொத்தானை அமுக்கினால் பாடுகிற மாதிரி ஒரு பெட்டியை நானே செய்துவிடுகிறேன் என்று இறங்கினேன். வீடு மாறுகிற பேச்சு வந்த அந்த வாரமே இறங்கினேன். பாட்டு கேட்டு அப்பா கொஞ்சம் இளகினால் இவரும் இளகிவிடுவார் என்பது என் கணக்கு.

பரண்மேல் என் டிப்ளமோ காலத்துக் கம்ப்யூட்டர் தூசு தின்றுகொண்டிருந்தது. திரை போய்விட்டது, மதர்போர்டு போகவில்லை. ஹார்டு டிஸ்க் சுற்றியது. பவர் சப்ளையைத் திறந்து, கரப்பான் குடும்பத்தைக் காலி செய்ய வைத்துவிட்டு மாட்டினால் உயிர் வந்தது. கேபினெட் துருப்பிடித்துப் போயிருந்ததால், கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழம் வந்த பலகைப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து அதற்குள் எல்லாவற்றையும் திருகி வைத்தேன். பழைய டிவியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்கள் முன்பக்கம். சத்தத்தைப் பெருக்க ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு. அது இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் ஈ ஓசைகூட வராது. பொத்தான்களுக்கு, பழைய கீபோர்டில் எண்கள் இருக்கிற பகுதியை மட்டும் அறுத்தெடுத்தேன். ஒன்று அமுக்கினால் சாமி பாட்டு, இரண்டு பழைய பாட்டு, மூன்று குத்துப்பாட்டு. நான்கு, கன்னடப் பாட்டு. அந்த நான்கை இவருக்காகத்தான் வைத்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரே குறை, உள்ளே இருந்த காற்றாடி. ஒரு இறக்கை நுனி உடைந்ததால் சமமாகச் சுற்றாமல் பெட்டியையே 'டக் டக்' என்று உதறவைத்தது. கடையில் வேறு வாங்கி மாற்றுகிறேன் என்றேன். அப்பா பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "உடும்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும். என்னாத்துக்கு மாத்தற?" என்றார். ஆசையாக ஒன்று சொல்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

பெட்டி வேலை செய்தது! காலையில் குளித்துவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, பொத்தானை அமுக்கி, ஒரு கையைப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். மறுகை தொடையில் தாளம் போடும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தாளம் சில நாள் பாட்டோடு ஒத்துவராது. பாட்டு தேர் மாதிரி நகரும், அப்பாவின் விரல் அவசரமாக ஓடும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வால்யூமை முழுக்கத் திருகிவிட்டார். சாமி பாட்டு அலறிய அலறலில் தெருவில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. நான் ஓடிவந்து குறைத்தேன். அவர் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். பக்தி என்று நினைத்தேன். என்னை என்ன செய்தால் தகும்!

பிறகு ஒருநாள் காலை அப்பா நான்கை அமுக்கினார். கன்னடப் பாட்டு கூடத்தை நிறைத்தது. இவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சட்டைப் பொத்தானைப் போடாமலேயே அறையிலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் சிரித்தால் கண்ணில்தான் தெரியும், வாயில் தெரியாது. அவர் மீசை அப்படி. மேல் உதட்டை முழுதாக மூடிக் கீழ் உதட்டையும் எட்டிப் பார்க்கிற மீசை. காபி குடித்தால் பாதியை அதுதான் குடிக்கும். அதற்குத் தனிச் சீப்பு, தனி எண்ணெய். என்னைக் கேட்காமல் எதை வேண்டுமானாலும் செய்வார், மீசையைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டார்.

அப்பாவின் எதிரில் வந்து குனிந்து, "ஈ ஹாடு நிமகெ இஷ்டானா மாவா?" என்று கேட்டார். இந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிக்குமா என்று. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் செல்லமான 'மாவா'.

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "பாக்கலாம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

எனக்கே யாரோ அறைந்த மாதிரி இருந்தது. இவர் மெதுவாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "பாத்தல்ல? பாட்டு வேணும், பாஷை வேணும், நான் மட்டும் வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே சந்தாபுரத்தில் வீடு பார்க்கப் போவதாகவும் சொல்லிவிட்டார்.

சொன்ன மாதிரியே போனார். என்னைக் கூப்பிட்டார், நான் வரவில்லை என்றேன். கோபம் வந்தால் எனக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும். ஸ்பீக்கரில் முந்தினநாள் முதல் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல் இருந்தது. பெட்டியைத் திறந்து ஆம்ப்ளிஃபயர் போர்டை மட்டும் கழற்றி, சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடேற்றி உட்கார்ந்தேன். மூடியைத் திரும்பப் பெட்டிமேல் வைத்திருந்தேன். அவ்வளவுதான்.

அப்பா குளித்துவிட்டு வந்தார். என் பக்கம் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார். உள்ளே காற்றாடி 'டக் டக்' என்று உதறத் தொடங்கியது. 'அப்பா, பாட்டு வராது, போர்டு என்கிட்ட இருக்குது' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இரண்டாம் எண்ணை அமுக்கிவிட்டு, கையைப் பெட்டியின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுகை தாளம் போட ஆரம்பித்தது.

கூடத்தில் பாட்டு இல்லை. பாட்டைப் பெரிதாக்கும் போர்டு என் உள்ளங்கையில் இருந்தது. ஸ்பீக்கர் வயர் பெட்டிக்கு வெளியே அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா தலையை லேசாக ஆட்டினார். உதட்டில் ஒரு சிரிப்புகூட இருந்தது. டக் டக், டக் டக். அவர் விரல் காற்றாடியோடு அச்சாக ஒத்துப்போனது.

"அப்பா" என்றேன். திரும்பவில்லை. "அப்பா!" என் குரல் சாதாரணக் குரல் இல்லை. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய கம்பெனிக் குரல். திரும்பவில்லை. மேசையில் இருந்த சில்வர் தட்டை எடுத்துத் தரையில் போட்டேன். அது சுழன்று சுழன்று அடங்குகிற வரை போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. அப்பா தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அயர்ன் நுனி மேசை விரிப்பைக் கருக்கி நாற்றம் வந்த பிறகுதான் அதை எடுத்து வைத்தேன். அந்த ஓட்டை இன்னும் விரிப்பில் இருக்கிறது. மாற்ற மனம் வரவில்லை.

எதிரில் போய் நின்றேன். நிழல் பட்டுக் கண்ணைத் திறந்தார். "என்னம்மா, சத்தம் ஜாஸ்தியா இருக்குதா? கொறைக்கணுமா?" என்று வால்யூமுக்குக் கையைக் கொண்டுபோனார்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

மிஷினோடு வாழ்ந்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. போர்டைப் பார்த்தார். தொங்குகிற வயரைப் பார்த்தார். பெட்டியின்மேல் இருந்த தன் கையைப் பார்த்தார்.

"அப்போ இது?"

"ஃபேன்ப்பா."

"ஃபேனா..." கையை எடுக்கவில்லை. "இத்தன நாளுமா?"

"இல்லப்பா. இத்தன நாளும் பாட்டு வந்துச்சு. இன்னைக்கு மட்டும்தான் வரல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருந்துச்சு" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. நம்ப முடியாமல் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன், காது இருக்கிற இடத்தில்தானே இருக்கிறது என்பதுபோல. எப்போதிருந்து என்று கேட்டேன். வேலையில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததாம். மிஷின் இரைச்சலுக்குக் காதில் வைக்க அடைப்பான் கொடுத்தார்களாம், தொழிலாளிகள்தான் பேச்சு கேட்காது என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்களாம். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன். "அவதானே எனக்குக் காது" என்றார்.

அடுத்த இடி அது. அம்மாவுக்கு ஒரு பழக்கம். யார் அப்பாவிடம் எதைக் கேட்டாலும் குறுக்கே விழுந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே திரும்பி, அதையே இன்னொரு முறை சொல்வாள். "ஏங்க, மாப்பிள்ளை சாப்பிட்டீங்களான்னு கேக்கறாரு." "ஏங்க, பக்கத்து ஊட்டுக்காரரு பேப்பர் கேக்கறாரு." கன்னடத்தில் கேட்டால் தமிழில் சொல்வாள். பதிலை அப்பா கேட்டவர் மொழியிலேயே சொல்வார். அம்மாவுக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கணும் என்று நானும் இவரும் எவ்வளவு சிரித்திருக்கிறோம்! அம்மாவுக்கு இவர் 'மைக்கு' என்றே பெயர் வைத்திருந்தார். அவள் கடைசிவரை ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் பேசறது மட்டும் எப்படிப்பா புரியுது?"

"உன் உதடு தெரியும்மா. நீ பொறந்ததுலேர்ந்து பாக்கற உதடு. தமிழ்னா பாதியப் புடிச்சிருவேன், மீதிய யூகிச்சிருவேன்." தன் காதைத் தொட்டுக் காட்டினார். "கன்னடமும் தெலுங்கும் நான் காதுல கத்துக்கிட்டது. உதட்டுல கத்துக்கல. காது போனதும் அதுவும் போச்சு."

இந்த ஊரே அவரைத் திமிர் பிடித்தவர் என்று பேசிக்கொண்டிருந்தது. வேறு ஊரில் ஒருவர் பதில் சொல்லாவிட்டால் காது கேட்கவில்லை போல என்று நினைப்பார்கள். எங்கள் ஊரில், 'இந்த மொழியில் பேச இஷ்டமில்லை போல' என்று நினைத்துவிட்டோம். மூன்று மொழி தெரிந்த ஊருக்கு இது ஒன்று தெரியவில்லை.

"மாப்பிள்ளை தமிழ்ல பேசினாலும்தான் நீங்க எழுந்து போயிடறீங்க" என்றேன். அதைமட்டும் விட மனமில்லை.

அப்பாவுக்கு முதல்முறையாக முகம் கோணியது. "அவருக்கு எங்கம்மா உதடு இருக்குது? மீசைதான இருக்குது. என்ன கேக்கறாருன்னு மூஞ்சியவே பாப்பேன், ஒண்ணும் தெரியாது. தப்பா எதையாச்சும் சொல்லி மாட்டிக்கக் கூடாதுன்னு எழுந்து போயிடுவேன். செவிட்டு மாமனார்னு தெரிஞ்சா, இந்தக் கெழவனோட எதுக்கு இருக்கணும்னு உன்னக் கூட்டிட்டுப் போயிடுவாரோன்னுதாம்மா சொல்லல."

எங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அப்பா மறைத்த விஷயமே எங்களை மூட்டை கட்ட வைத்துக்கொண்டிருந்தது. சந்தாபுரத்து வீட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் காதுபடத்தான் பேசினோம். தெரியாது.

இவர் மத்தியானம் திரும்பினார். வீடு பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு, காற்றாடி, அம்மா, காதில் கற்றுக்கொண்ட கன்னடம். மீசையை மட்டும் சொல்லத் தயங்கி, அதையும் சொல்லிவிட்டேன். மனிதர் பேயறைந்த மாதிரி நின்றார். அப்பா நாற்காலியில் இருப்பதை எட்டிப் பார்த்தார். "மாவா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். அப்பா திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போகட்டும் என்று விட்டேன். எனக்கும் கோபம். இத்தனை சொல்லியும் ஒரு மனுஷன் இப்படியா முறுக்கிக்கொண்டு போவான்? சமைத்ததைப் போட்டு அப்பாவைச் சாப்பிட வைத்தேன்.

வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். இவர் மீசை இல்லாமல் நிற்கிறார். மழித்த இடம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எங்கள் பக்கமும் சரி, அவர்கள் பக்கமும் சரி, மீசை வைத்த ஆம்பளை திடீரென்று மீசையை எடுத்துவிட்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வீட்டில் சாவு. ஆனேக்கலில் இருக்கும் என் மாமனார் கண்முன்னால் வந்தார். "ஐயோ, என்னங்க ஆச்சு" என்று தலையில் கை வைத்து அலறிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் என் அலறல் கேட்டு வெளியே வந்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

இவர் நேராக உள்ளே போய், அப்பாவின் நாற்காலிக்கு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் தூக்கிக் காட்டினார்.

அப்பா பதறிப்போய் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவரும் அதையேதான் நினைத்தார். வேறு எதை நினைப்பார்? மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பதற்றத்தில், எந்த மொழி என்று யோசிக்க நேரமில்லாமல், "யாரப்பா ஹோத்ரு?" என்று கேட்டார். யார் போனது?

இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பாவின் வாயில் கன்னடம். அவர் காதுக்கே அது கேட்டிருக்காது.

இவர் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக, உதட்டை நன்றாகக் குவித்தும் விரித்தும், சத்தமே இல்லாமல் சொன்னார். வாசலில் நின்ற எனக்குக்கூட அது உதட்டில்தான் தெரிந்தது.

"யாரூ ஹோகில்ல மாவா. நீவு பந்த்ரி."

யாரும் போகவில்லை மாமா, நீங்கள்தான் திரும்பி வந்தீர்கள்.

அப்பா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.